இடுப்பில் குழந்தை, எதிரே 300 மீட்டர் மணல்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வரும்: "ஏங்க, பீச்சுக்குப் போலாமா?" பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. குழந்தைக்கு ஒரு மாற்றுடை, பால் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், விரிக்கப் பழைய பெட்ஷீட், ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாம் ஒரு கட்டைப் பைக்குள் போய்விடும். வீட்டைப் பூட்டிய பிறகு ஆயாவுக்குக் குழந்தையின் தொப்பி ஞாபகம் வரும். மறுபடியும் திறப்பார்கள். சென்னைக் குடும்பங்களின் கடற்கரைப் பயணங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிளம்புகின்றன.

கைக்குழந்தையோடு, முன்திட்டம் இல்லாமல், அதுவும் கடலுக்கா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கறையில் கேட்பதுதான், ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முன்கூட்டியே திட்டம் போட, என்றைக்கு விடுமுறை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுபவருக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும், ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்ப்பவருக்கும் அது தெரியாது. வேலை இல்லாத மதியம் ஒன்று திடீரென்று கையில் கிடைக்கும், அன்றைக்கே கிளம்பினால்தான் உண்டு. ரிசார்ட்டோ மலைவாசத்தலமோ இவர்கள் கணக்கில் இல்லை. நுழைவுச்சீட்டு கேட்காமல், என்ன வாங்கினாய் என்று பார்க்காமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார விடும் பெரிய இடம் இந்த நகரத்தில் கடற்கரை ஒன்றுதான். அதனால் இந்தத் திடீர்ப் பயணத்தைப் பொறுப்பற்ற செயல் என்று ஒதுக்காமல், அது பாதுகாப்பாகவும் நிம்மதியாகவும் நடக்க என்ன செய்யலாம் என்று நகரம் யோசிக்க வேண்டும்.

போய்ச் சேரும் வழியை அரசு ஏற்கெனவே சுலபமாக்கிவிட்டது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெரம்பூரில் 29சி ஏறும் ஒரு தாய், சாதாரணக் கட்டண வண்டியாகப் பார்த்து ஏறினால், இடுப்பில் குழந்தையோடு ஒரு பைசா செலவில்லாமல் பெசன்ட் நகர் கடற்கரையில் இறங்கலாம். பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்குச் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய நிலையங்களிலிருந்து மெரினா நடக்கும் தூரம்தான். ரயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. தாயும் குழந்தையும் பேருந்தில் கடற்கரைச் சாலை வரை வருவதை இலவசமாக்கிய ஊர் இது, சாதாரணமான காரியம் அல்ல.

சிக்கல் சாலையைக் கடந்த பிறகு தொடங்குகிறது.

மெரினாவின் மணல்வெளி சராசரியாக 300 மீட்டர் அகலம் என்பார்கள். இவ்வளவு மணல் ஆதியில் இருந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் தெற்குப் பக்கமே தடுக்கப்பட்டுக் குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது, தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் இங்கே உலாச்சாலை அமைத்தபோது கடல் இன்றைக்கு இருப்பதைவிட மிக அருகில் இருந்தது. துறைமுகம் தந்த அந்த அகலத்தில்தான் இன்று லட்சம் பேர் உட்கார முடிகிறது. அதே அகலம்தான், பன்னிரண்டு கிலோ குழந்தையையும் பையையும் தூக்கி நடக்கும் தாய்க்கு மூச்சு வாங்க வைக்கிறது. தள்ளுவண்டி கொண்டுவந்தவர் பத்தடியில் அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், சக்கரம் மணலில் புதைந்துவிடும். மதியம் மூன்று மணிக்கு வந்தால் மணல் சுடும். செருப்புக்கு மேல் மணல் ஏறி, பெரியவர்களே கால் மாற்றிக் கால் வைத்துத் துள்ளும் சூட்டில் குழந்தையை இறக்கிவிடவே முடியாது. வழியில் ஒதுங்க ஒரு மரமாவது உண்டா என்றால், பெரும்பாலான தூரத்துக்கு இல்லை.

கழிப்பறை சாலையோரம் இருக்கிறது. அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது போக 300 மீட்டர், வர 300 மீட்டர். இரண்டு வயதுக் குழந்தை "அம்மா, உச்சா" என்று சொன்னதற்கும் அது நடந்துவிடுவதற்கும் இடையே அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. டயப்பர் போட்ட குழந்தையின் கதை வேறு. ஒரே அலையில் டயப்பர் கடல் நீரைக் குடித்து உப்பி, முழங்கால் வரை தொங்கும். கழற்றிவிடலாம், ஆனால் கழற்றியதை எங்கே போடுவது? அருகில் மூடியுள்ள தொட்டி இல்லாவிட்டால் அது பாலித்தீன் பையில் கட்டி வீடு வரை வர வேண்டும், அல்லது மணலில் புதைக்கப்படும். புதைந்தவை அடுத்த மழைக்கு வெளியே வருவதைக் கடற்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் பார்க்கிறார்கள். புதைப்பது தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தொட்டி வைக்காமல் குடும்பங்களை மட்டும் திட்டி ஒன்றும் ஆகாது.

இத்தனைக்கும் நடுவே அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் முறை மணலில் இறக்கும்போது அநேகக் குழந்தைகள் காலை மடக்கிக்கொள்ளும். விரல்கள் சுருங்கும். அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்த பிடி தளராது. பிறகு ஏதோ ஒரு கணத்தில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு கடல் அதற்குப் பொருட்டே இல்லை. "அங்க பாரு, கப்பல்!" என்று அப்பா காட்டும் திசையில் அது திரும்பாது. காலி பேப்பர் கப்பில் ஈர மணலை அள்ளும், கொட்டும், அள்ளும். கப்பின் விளிம்பு நசுங்கிக் கிழிகிற வரை இந்த வேலை நடக்கும். எங்கோ ஒரு சின்ன நண்டு வளைக்குள் ஓடுவதைப் பார்த்துவிட்டால் கப்பும் மறந்துபோகும், அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு குனிந்தே இருக்கும். குதிரைச் சவாரி, ரங்கராட்டினம், பலூன் சுடுவது எல்லாம் அண்ணன் அக்காமாருக்கு. இரண்டு வயதுக்கு ஈர மணலும் யாரும் அவசரப்படுத்தாத அரை மணி நேரமும் போதும். விளையாட்டுச் சாமான் விற்பவர்கள் என்ன சொன்னாலும், இதைவிட நல்ல விளையாட்டை அந்த வயதுக்கு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் இல்லாமல் பீச் முடியாது. ஆயா அந்தப் பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டை விரலால் நசுக்கி, தோலை உரித்துவிட்டுக் குழந்தையின் வாயில் வைப்பார். பழக்கத்தில் செய்வதுதான் என்றாலும் மருத்துவர்கள் சொல்வதும் அதையேதான். முழுப் பட்டாணியும் வேர்க்கடலையும் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும் குழந்தைக்கு எதையும் ஊட்டாமல், உட்கார வைத்துக் கொடுப்பது நல்லது.

இனிச் சொல்ல வேண்டியது கடலைப் பற்றி. இதில் இனிப்பான வார்த்தைகளுக்கு இடமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை. இவற்றில் குளம், கிணறு, வாளித் தண்ணீர் எல்லாம் அடக்கம். கடலில் ஆபத்து இன்னும் வேகமாக வருகிறது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடும், அலை கரையருகிலேயே உடையும். பின்வாங்கும் நீர், நிற்பவரின் குதிகாலுக்குக் கீழே உள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். பெரியவர்கள் அந்தக் குறுகுறுப்பை ரசிக்கிறார்கள். குழந்தைக்கு அதுவே நிற்கும் தரை காணாமல் போவது. இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். அப்பாவுக்கு முழங்கால் அளவு தண்ணீர் என்றால் குழந்தைக்கு அது இடுப்புக்கு மேல். அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம் அதிகம். முகம் குப்புற விழுந்தால் தானாக எழ முடிவதில்லை. கத்துவதும் இல்லை. மூழ்கும் குழந்தை சத்தம் போட்டுக் கூப்பிடும் என்று நினைப்பது பெரிய தவறு, பெரும்பாலும் சத்தமே இருக்காது.

பெசன்ட் நகர் மணலில் வெள்ளையாக நிற்கும் வளைவுக் கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் குறைவு. அது 1930 டிசம்பரில் அங்கே அலையில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவிடம். நீச்சல் தெரிந்த கடலோடி ஒருவரையே கொண்டுபோன கடல் அது. அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கதையையும் சொல்லலாம்.

ஆகவே குடும்பம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதில் சமரசம் கூடாது. கூட்டமாகப் போகும்போது எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பில் ஒருவரும் பார்ப்பதில்லை. சித்தப்பா பார்க்கிறார் என்று அம்மாவும், அம்மா பார்க்கிறாள் என்று சித்தப்பாவும் இருந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்: "அடுத்த அரை மணி நேரம் பாப்பா என் பொறுப்பு." அந்த அரை மணி நேரம் அவர் கையில் போன் இருக்கக் கூடாது, குழந்தை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு அடுத்தவர் முறை. அலை தொடும் இடத்தை விட்டு மேலே, ஈர மணலில் உட்கார வைத்தால் குழந்தைக்குக் குறை ஒன்றுமில்லை, அதற்கு வேண்டியது அங்கேயே இருக்கிறது.

நேரத்தையும் கொஞ்சம் தள்ளலாம். கோடைக் காலத்தில் சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கரையேறும். நாலரை மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்துவிடும். கிழக்குக் கரையில் மாலைச் சூரியன் கண்ணைக் கூச வைக்காது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1988 முதல் சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், பொரித்த குஞ்சுகளைப் பெசன்ட் நகரில் அந்தி நேரத்தில் கடலுக்கு விடுகிறார்கள். அதைப் பார்க்கப் பொதுமக்களும் நிற்கலாம். உள்ளங்கையளவுகூட இல்லாத ஆமைக்குஞ்சு துடுப்புக் காலால் மணலைத் தள்ளித் தள்ளி நகரும்போது, தானும் நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தை அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்க்கும். வெளிச்சமும் கூச்சலும் குஞ்சுகளைத் திசைமாற்றும் என்பதால் போன் டார்ச் அடிக்காமல், வழிவிட்டு நிற்பது பெரியவர்களின் கடமை.

குடும்பங்களின் பங்கு இவ்வளவு. மிச்சம் மாநகராட்சியும் அரசும் செய்ய வேண்டியது. அவை செய்ய முடியாதவை என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றையும் இந்த ஊரே வேறெங்கோ செய்து காட்டியிருக்கிறது.

2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 263 மீட்டர் மரப்பாதை திறக்கப்பட்டது. கடலை ஒரு முறையாவது கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற பாதை அது. திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியை உடைத்தது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதை அவர்களுடையது, அதில் மற்றவர்கள் நெருக்கியடிக்கக் கூடாது. ஆனால் அந்த அனுபவம் இப்போது கையில் இருக்கிறது. எந்த மரம் தாங்கும், அலை எட்டும் தூரத்துக்கு எவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் பொறியாளர்களுக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரர்களும் முதியவர்களும் நடக்க, நடுவில் இரண்டு இடத்தில் நிழற்கூரையோடு, இன்னும் சில பாதைகள் ஏன் கூடாது?

2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு மறைவும் மரியாதையும் வேண்டும் என்று அன்றைய அரசு உணர்ந்து செய்த நல்ல காரியம். கடற்கரையில் அவள் இன்னும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காற்றோடு மல்லுக்கட்டி, மாமியாரை மறைவுக்கு நிற்க வைத்துப் பாலூட்டுகிறாள். மணலுக்கு நடுவே ஒரு சிறிய அறை, உள்ளே ஒரு பெஞ்சு, டயப்பர் மாற்ற ஒரு பலகை, வெளியே கால் கழுவ ஒரு குழாய், மூடியுள்ள தொட்டி. இதற்குப் பெரிய திட்ட அறிக்கை தேவைப்படாது.

நீலக்கொடி என்ற சர்வதேசத் தரச்சான்று 2021இல் செங்கல்பட்டு மாவட்டக் கோவளம் கடற்கரைக்குக் கிடைத்தது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, குளிக்க ஷவர், உயிர்காக்கும் வீரர்கள் எல்லாம் அந்தத் தரத்தின் பகுதி. பின்னர் மெரினா, கடலூர் சில்வர் பீச், நாகை மாவட்டக் காமேஸ்வரம், ராமநாதபுரம் மாவட்ட அரியமான் ஆகிய கடற்கரைகளையும் அந்தத் தரத்துக்கு உயர்த்த அரசு முடிவெடுத்தது. மெரினாவின் ஒரு பகுதியில் மூங்கில் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் வந்துவிட்டன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நீலக்கொடி ஒரு துண்டு நிலத்துக்குத்தான் கிடைக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், பெரும்பாலான குடும்பங்கள் சான்றிதழ் எதுவும் இல்லாத மணலில்தான் உட்காரப் போகின்றன. அந்த மணலுக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் போகட்டும். கொடி வந்தாலும் வராவிட்டாலும்.

இந்த வசதிகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவை மீனவர்களின் வலையையும் படகையும் தள்ளிவிட்டு வரக் கூடாது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போய், அந்த டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கரையை ஒட்டிய மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு மெரினா வாசல் மாதிரி, அவர்களின் அப்பா அம்மாவுக்கு வேலையிடம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் விருந்தாளிகள். உச்ச நீதிமன்றம் 1996இல் கமல்நாத் வழக்கில், கடற்கரை போன்ற இயற்கைச் செல்வங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறதே தவிர உடைமையாக அல்ல என்று சொன்னது. அந்த மக்களில் கட்டுமரக்காரரும் உண்டு, பெரம்பூரிலிருந்து பேருந்தில் வந்த தாயும் உண்டு. ஒரு கூரையும் ஒரு குழாயும் யாருடைய இடத்தையும் பறிக்காது, நட்சத்திர உணவகங்களும் கட்டண மண்டபங்களும்தான் பறிக்கும்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. காணும் பொங்கல் அன்று மெரினாவில் லட்சக்கணக்கில் மக்கள் கூடும்போது, காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். கடலில் இறங்காதபடி தடுப்புகளும் அமைக்கிறார்கள். தொலைந்த பிள்ளை சீக்கிரம் அம்மாவிடம் சேர்கிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள். கோடை விடுமுறை ஞாயிறுகளில் மெரினாவில் கூடும் கூட்டமும் சாதாரணமானதல்ல, அன்றைக்கும் குழந்தைகள் கையை உதறிக்கொண்டு பலூன்காரர் பின்னால் போகத்தான் செய்கிறார்கள். வரும் பொங்கலுக்குப் பட்டை வாங்கும்போதே மிச்ச ஞாயிறுகளுக்கும் சேர்த்து வாங்கிவிடலாம். காந்தி சிலை, உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று இடங்களில் மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை மேசை போட்டு, இரண்டிரண்டு பேரை உட்கார வைத்தால் போதும். அந்த மேசையிலேயே இன்றைக்கு அலை எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி வைக்கலாம்.